டிலக்சனின் முதல் தடவை

இரவு பதினொன்றே கால். பனிச்சங்கேணிப் பாலம். ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல்… நடுவில் தார் ரோட்டில் ஒரேயொரு மோட்டார் சைக்கிள் வருகிறது. சைலன்சர் உடைந்தது. டுப்… டுப்… டுப்டுப். இந்தச் சத்தத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

யசோதினி, நீ முதலில் அந்தப் போனைக் கவிழ்த்து வை. கரண்ட் இப்போதைக்கு வராது. விடிந்தால் உன் அக்காவுக்குக் கல்யாணம், நீ மணவறைக்குப் பக்கத்தில் நின்று கொட்டாவி விடப் போகிறாய், அது உன் பாடு. ஆனால் சற்று முன்னர் ஒன்று சொன்னாயே… விளையாடி முடித்த அந்த கேமை யாராவது உன் தலையிலிருந்து அழித்துவிட்டால், திரும்பவும் முதல் தடவை போலப் பார்க்கலாம் என்று. எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கே ஆசைப்பட்ட ஒருவனை எனக்குத் தெரியும்.

பாயை இழுத்துக்கொண்டு கிட்ட வாருங்கள். வாசலுக்கு முதுகு காட்டி ஒருவரும் இருக்க வேண்டாம்.

என்னோடு படித்தவள் பிரஷாந்தி. பனிச்சங்கேணியில் வாவிக்கரை வீடு. தகப்பன் இல்லை, அவளும் தம்பி நிலோஜனும்தான். கத்தாரிலிருந்த மாமா நிலோஜனுக்கு ஒரு கேம் பெட்டி அனுப்பியிருந்தார். வீட்டின் பின்னறையில் ரீவியோடு அதைப் பொருத்தி வைத்திருந்தான். அவனுக்கு ஒரே ஒரு கூட்டாளி, டிலக்சன். வாழைச்சேனையில் மீன் வாடி ஒன்றில் ஐஸ் உடைக்கிற வேலை. வேலை முடிந்ததும் தன் வீட்டுக்குப் போக மாட்டான், நேரே நிலோஜனிடம் வருவான். அந்த மோட்டார் சைக்கிள் அவனுடையதுதான். வரும்போதே ஐஸ் ஈரமும் மீன் வாடையும் கூடவே வரும்.

இருவரும் விளையாடிய கேமின் பெயர் எனக்குத் தெரியாது. கதை தெரியும். வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நகரம். நீ ஒருவன்… உனக்கு வழிகாட்ட, லாம்பு பிடித்தபடி ஒரு கூட்டாளி. விளையாடி முடிக்க மூன்று கிழமை எடுக்கும், இருபத்தொரு இரவு. மூன்று கிழமையும் அவன் உன்னைக் காப்பாற்றிக்கொண்டே வருவான். கடைசியில் ஒரு மதகு. லாம்பு அணையும். பின்னால் தண்ணீரில் காலடி… நீ திரும்புவதற்குள் மண்டையில் அடி. அடித்தவன் அந்தக் கூட்டாளி.

முதல் தடவை அதைப் பார்த்தபோது இருவரும் அலறிக்கொண்டு எழும்பினார்களாம். நெஞ்சு படபடக்க விடியும்வரை அதையே பேசினார்களாம். அடுத்த நாள் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. தெரிந்த அடி வலிக்குமா? நிலோஜன் அந்த ஒரு கட்டத்தை நூறு தடவையாவது போட்டுப் பார்த்திருப்பான். சப்பென்று இருந்தது. அவனுக்கு அது பெரிய துக்கம். சிலருக்குத் துக்கம் எதில் வரும் என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு ஓரிரவு… பாலத்துக்கு இந்தப் பக்கம், ரோட்டின் நடுவே ஒரு கறுத்த மாடு படுத்திருந்தது. டிலக்சன் அதைக் காணவில்லை, மோதி விழுந்தான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பிழைத்தான். தாயைத் தெரிந்தது, வேலையைத் தெரிந்தது. கடைசி நாலு மாதம் மட்டும் தலையில் இல்லை. துடைத்து விட்டாற்போலப் போய்விட்டது. அந்த கேமும் போய்விட்டது.

தையல் வெட்டிய கிழமையே வந்து, பின்னறை வாசலில் நின்று கேட்டானாம்.

"புதுசா ஒரு கேம் வந்திரிக்காமே மச்சான். போடன் பாப்பம்."

நிலோஜன் முன்பு விளையாடியதைச் சொல்லாமல் முதலில் இருந்து போட்டான். மூன்று கிழமை பக்கத்திலிருந்து பார்த்தான். ரீவியை அல்ல, டிலக்சனின் முகத்தை. மதகு வந்தது. லாம்பு அணைந்தது. அடி விழுந்தது… டிலக்சன் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டி விழுத்திக்கொண்டு எழும்பினான். நிலோஜனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அவனா மச்சான்? நம்மட ஆளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அந்த நேரம் நிலோஜனுக்கும் உடம்பெல்லாம் புல்லரித்தது. போனது திரும்பி வந்துவிட்டது. தன் தலைக்குள் அல்ல, கூட்டாளியின் முகத்தில்.

ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும்.

பின்னறைக் கதவுக்குப் பின்னால் தகப்பனுடைய சவள் சாத்தியிருந்தது. தோணி வலிக்கிற சவள்… நல்ல வைரமான மரம், இலகுவில் முறியாது. ஒரு கிழமை கழித்து, விளையாடிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்ட டிலக்சன் கேற்றடியில் குனிந்து மோட்டார் சைக்கிளின் செயினை மாட்டிக்கொண்டிருந்தான். முதுகு காட்டியபடி. பின்மண்டையில் ஒரே அடி. பழைய காயத்தின் மேலேயே.

கனமாக அடிக்கவில்லை என்று பிறகு பிரஷாந்தியிடம் சொன்னானாம். கனமில்லாத அடியாம்! தவிட்டு மூட்டையையா அடித்தான்? நெற்றி போய் செயின் பெட்டியில் இடித்து, சத்தமில்லாமல் சரிந்து, கால் இரண்டும் மணலை உதைத்துக்கொண்டு கிடந்தான் அந்தப் பொடியன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் நிலோஜன்தான். தலை சுற்றி விழுந்துவிட்டான் என்று சொன்னான். முந்தி அடிபட்ட தலை, யார் சந்தேகப்படுவார்கள்? டிலக்சனின் தாய் ஆச்சிப்பிள்ளை இவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ இல்லாட்டி என்ட புள்ள இல்ல மனே."

அந்தக் கைகளை அவன் இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

டிலக்சன் எழும்பினான். இரண்டு மாதம் தலையில் இல்லை. நிலோஜன் கணக்குப் போட்டபடியே எல்லாம் நடந்தது. பின்னறை வாசலில் நின்று அதே கேள்வி. புதுசா ஒரு கேம் வந்திரிக்காமே… மறுபடி மூன்று கிழமை. மறுபடி மதகு. லாம்பு அணைந்தது. நிலோஜன் இம்முறை பின்னால் எழும்பி நின்று பார்த்தான். பின்னால் தண்ணீரில் காலடி… அடி.

டிலக்சன் அலறவில்லை. கையிலிருந்த கொன்ட்ரோலரை மெதுவாக மடியில் வைத்தான். வலக் கையைத் தூக்கிப் பின்மண்டையைத் தடவினான்.

"எனக்கு இது பட்டிரிக்கு மச்சான்… கேற்றடியில…"

சொல்லிக்கொண்டே திரும்பப் போனான். முழுதாகத் திரும்பவில்லை. நிலோஜன் சவளை எடுத்துவிட்டான். அன்றைக்கு ஒன்றல்ல, நாலு அடி. முதலாவது அடிக்குத் தேங்காய் உடைகிற சத்தம். பிறகு விழுந்தவை ஈரத் துணியை அடிக்கிற மாதிரிக் கேட்டனவாம். ரீவி முழுக்கத் தெறித்தது. அதற்குள்ளே கேமின் பாட்டு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது… பிரஷாந்தி அன்றைக்கு வாகரையில் ஒரு செத்த வீட்டில் இருந்தாள். அவள் வருவதற்குள் அறை கழுவிக் காய்ந்துவிட்டது.

டிலக்சன் பாலத்தடியில் கிடந்தான். பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நெளிந்து கிடந்தது. மாடு குறுக்கே வந்திருக்கும் என்றது ஊர். பாடையில் ஒரு கொம்பை நிலோஜன் தூக்கினான். முப்பத்தோராம் நாள் ஆச்சிப்பிள்ளை வீட்டில் இலை போட்டார்கள், இருந்து சாப்பிட்டுவிட்டும் வந்தான்.

அன்றிரவு பதினொன்றே கால்.

டுப்… டுப்… டுப்டுப்.

நினைவிருக்கிறதா? அந்த மோட்டார் சைக்கிள் தகரமாய் நெளிந்து ஆச்சிப்பிள்ளை வீட்டு முருங்கைக்குக் கீழே கிடக்கிறது. சத்தம் பாலத்தில் ஏறியது. இறங்கியது. கேற்றடியில் நின்றது. கேற் திறந்த சத்தமில்லை… ஐஸ் ஈரமும் மீன் வாடையும் அறைக்குள் வந்தன. பின்னறை வாசலில் டிலக்சன். செத்த அன்று போட்டிருந்த அதே நீலச் சேட். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. முகத்தில் ஒரு குறையுமில்லை. புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"புதுசா ஒரு கேம் வந்திரிக்காமே மச்சான்."

அவனுக்கு ஒன்றும் தெரியாது. தான் செத்ததும் தெரியாது. வந்து உட்கார்ந்தான், கொன்ட்ரோலரை எடுத்தான். மூன்று கிழமை கேம் ஒரு மணித்தியாலத்தில் ஓடி மதகடியில் வந்து நின்றது. லாம்பு அணைந்தது. அவன் கை பின்மண்டைக்குப் போனது. விரல் ஐந்தும் சிவப்பாகத் திரும்பி வந்தன. விரல்களைப் பார்த்தான். பிறகு கழுத்தை மெதுவாகத் திருப்பத் தொடங்கினான்…

நிலோஜன் அடித்தான். அவன் திரும்பித் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது. அந்தப் பயம் ஒன்றுதான். அதே தேங்காய்ச் சத்தம். அதே ஈரத் துணிச் சத்தம். கால் இரண்டும் உதைத்து அடங்கின. விடிந்து பார்த்தால் இரத்தமுமில்லை, உடம்புமில்லை. சீமெந்துத் தரையில் உருகின ஐஸ் தண்ணீர், ஓராள் நீளத்துக்கு.

மறுநாளிரவும் பதினொன்றே கால். அதே சிரிப்பு, அதே கேள்வி. அவன் ஒவ்வோர் இரவும் முதல் தடவை வந்தான். நிலோஜன் ஒவ்வோர் இரவும் கொன்றான். ஏழு இரவு. உள்ளங்கை பிய்ந்து சோறு பிசைய முடியாமல் போனது. இரவில் ஏதோ அடிக்கிற சத்தம் பிரஷாந்திக்கும் கேட்டது. எலி அடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். எட்டாம் நாள் கோப்பை கையிலிருந்து நழுவி உடைந்தது. உடைந்ததைப் பார்த்துக்கொண்டே, மாடு, கேற், மதகு, நாலு அடி என்று எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டிவிட்டான்.

பிரஷாந்தி உடைந்த கோப்பையைப் பொறுக்கிப் போட்டாளாம். பிறகு வந்து தம்பியின் முன்னால் இருந்தாள்.

"இண்டைக்கு அடிக்காத. அவன் திரும்பிப் பாக்கட்டும். கேட்டா ஓமெண்டு சொல்லு. விடிஞ்ச உடன ஆச்சிப்பிள்ளை மாமிக்கிட்டப் போவம். அங்கேயும் உன்ட வாயால சொல்லு."

அவன் தலையாட்டினான். எனக்கு அவன்மேல் இரக்கமேயில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தத் தலையாட்டலுக்காக மட்டும் கொஞ்சம் உண்டு.

அன்றிரவு பிரஷாந்தி முன்னறையில் விளக்கை அணைக்காமல் படுத்திருந்தாள். பதினொன்றே கால். டுப்… டுப்… முதல் முறையாக அவளுக்கும் கேட்டது. ஐஸ் ஈரம் கதவுக்குக் கீழால் வந்து காலில் பட்டது. கேமின் பாட்டு. தண்ணீரில் காலடி… பிறகு ஒன்றுமில்லை. அடிக்கிற சத்தமும் வரவில்லை. அதற்குப் பிறகு டிலக்சனின் குரல், ஆளைக் கண்ட சந்தோசத்தில் கேட்கிறவன் போல.

"நீயா மச்சான்?"

தம்பியின் குரல். "ஓம்."

அடி விழுந்தது. ஒரேயொரு அடி.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். அறையில் நிலோஜன் மட்டும். கவிழ்ந்து கிடந்தான். பின்மண்டை பிளந்து இரத்தம் கட்டிலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. சவள் கதவுக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே ஒழுங்காகச் சாத்தியிருந்தது. தொட்டுப் பார்த்தாளாம். ஐஸ் போலக் குளிர்.

அவன் சாகவில்லை. பதினாறு நாள் கழித்துக் கண் திறந்தான். இரண்டு வருடம் தலையில் இல்லை. முதலில் கேட்டது, "டிலக்சன் எங்க?" செத்துவிட்டான் என்று சொன்னார்கள். தலையிலடித்துக் கதறினான். அடுத்த நாள் காலையும் கேட்டான், டிலக்சன் எங்க? முதல் தடவை கேட்பவனாக மறுபடி கதறினான். பத்துப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு பிரஷாந்தி சொல்வதை விட்டுவிட்டாள். வருவான் என்று மட்டும் சொன்னாள். ஆச்சிப்பிள்ளை மாமியிடம் அவளேதான் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மாமி இவனைப் பார்க்க வந்தாளாம். டிலக்சன் எங்க என்று அவளிடமும் கேட்டான். வந்தவள் எழும்பிப் போய்விட்டாள்.

கேம் பெட்டியையும் கொன்ட்ரோலரையும் பிரஷாந்தி தன் கையாலேயே தோணியில் கொண்டுபோய் வாவியின் நடுவில் போட்டாள். சவளை வெட்டி அடுப்பில் வைத்தாள். பின்னறையில் இப்போது ஒரு பாயும் தலையணையும்தான் இருக்கின்றன.

காயம் மட்டும் ஆறவில்லை. ஒரு வருடமாகிறது. மருந்து கட்டுகிற மிஸ் போன மாதம் பிரஷாந்தியைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

"இது பழைய காயமில்ல. நேத்துப் பட்டது. ஆர் இந்தப் பொடியனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில அடிக்கிற?"



இரவில் அவள் பின்னறைக்குப் போவதில்லை. காலையில் தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பாள். தலையணை ஊறியிருக்கும். பிடரியிலிருந்து முதுகுவரை இரத்தம் வழிந்து காய்ந்திருக்கும். நிலோஜன் எழும்பி இருப்பான். முகம் அவ்வளவு சந்தோசமாக இருக்குமாம். ஒவ்வொரு காலையும் அவளைக் கண்டதும் இதைத்தான் சொல்வானாம்…

"அக்கா, ராத்திரி டிலக்சன் வந்தான். புதுசா ஒரு கேம் கொண்டு வந்திரிக்கான். நல்ல கேம். கடைசில என்னமோ நடக்குமாம்… கேட்டன். சொல்ல மாட்டானாம். சொன்னா முதல் தரம் பாக்கிற மாதிரி இரிக்காதாம்."