இணையானது என ஏற்கப்பட்ட சங்கு

என் பெயர் சித்ரலேகா. வயது 46. காலஞ்சென்ற கார்த்திகேசனின் மனைவி. பாளையங்கோட்டை மகாராஜநகரில் என் மகள் அனுராதாவுடன் வசித்து வருகிறேன். தனியார் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். என் கணவர் ஆற்றோர வெள்ள எச்சரிக்கைத் திட்ட அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருந்தார். அவர் இறந்தது பற்றியும், வெள்ளாங்கரை ஊரில் வைத்திருந்த அபாயச் சங்கு ஒலிக்காதது பற்றியும் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன்.

சம்பவத்தன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர் இறங்கும் குழாயில் அடைத்திருந்த வேப்பஞ்சருகைக் கையால் அள்ளிப் போட்டேன். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. கீழே வந்தபோது என் கணவர் வெள்ளாங்கரை இசக்கியப்பனைக் கைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இசக்கியப்பன் அங்கே வாழை பயிரிடுபவர். மழை பலமாக இருக்கும்போதெல்லாம் என் கணவர் அவரைக் கூப்பிட்டுப் பேசுவது வழக்கம். அன்று தொடர்பு கிடைக்கவில்லை. அதன் பிறகு என் கணவர், “அணையத் தொறந்துட்டாவ. அங்கன சங்கு அடிக்காது. நான் போய்க் கையால அமுக்கிட்டு வாரேன்” என்று சொல்லி பைக்கை எடுத்தார். இட்லி வெந்துவிட்டது, இரண்டு சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். வந்து சாப்பிடுகிறேன் என்றார்.

சங்கு அடிக்காது என்பது அவருக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று தாங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன்.

அணையிலிருந்து எச்சரிக்கை கிளம்பியதும் ஆற்றங்கரை ஊர்களில் சங்கு தானாக ஒலிப்பதற்கான திட்டம் அது. எச்சரிக்கைச் செய்தி எந்த வடிவத்தில் வரும் என்பதற்கு ஒரு தரம் உண்டு. அந்தத் தரத்தின் பெயரை டெண்டரில் குறிப்பிட்டிருந்தார்கள். ஒரே கம்பெனிக்குச் சாதகமாகிவிடக் கூடாது என்பதற்காக ‘அல்லது அதற்கு இணையான தரம்’ என்றும் சேர்ப்பது விதி. வேறு தரத்தில் செய்த பொருளை ஒரு கம்பெனி கொண்டுவந்தால், அதைத் தொழில்நுட்பக் குழு இணையானது என்று ஏற்றால்தான் வாங்க முடியும். குறைந்த விலை சொன்ன கம்பெனியின் சங்கு வேறு தரத்தில் இருந்தது. ஒலி எவ்வளவு தூரம் கேட்கும், மழையைத் தாங்குமா என்பதற்கெல்லாம் சான்றிதழ் வைத்திருந்தார்கள். அணையிலிருந்து வரும் செய்தியை அது புரிந்துகொள்ளுமா என்பதற்குச் சான்று இல்லை. குழுவில் என் கணவர் உறுப்பினர். செயற்பொறியாளர் சிவசண்முகம் தலைவர்.

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவசண்முகம் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரு குடும்பத்துக்கும் பல வருடப் பழக்கம். நான் காபி கொண்டுபோய் வைத்தபோது என் கணவர், “அண்ணாச்சி, அணையில செய்தி அனுப்புற மிசினையும் இந்தச் சங்கையும் ஒரே எடத்துல வச்சு, அதுல அனுப்பி, இது அடிக்கான்னு ஒரு தடவ பாத்துருவோமே” என்றார். அதற்கு சிவசண்முகம், “ஏம் வே, சங்குக்கும் அணைக்கும் ஜாதகப் பொருத்தமா பாக்கீரு? இணையானதுன்னுதான வே போட்டிருக்கு, இணையணும்னா போட்டிருக்கு?” என்றார். என் கணவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதன் பிறகு சிவசண்முகம், இப்போது வாங்காவிட்டால் இந்த மழைக்காலத்துக்கு எந்த ஊரிலும் சங்கு இருக்காது என்றார். என் கணவர் அவர் கொண்டுவந்திருந்த கோப்பை வாங்கிப் பிரித்தார். அதன் பிறகு, ‘இணையானது என ஏற்கப்படுகிறது’ என்ற வரியின் கீழ் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார். சிவசண்முகம் போனபின் என்னிடம், “ஒண்ணுமே இல்லாததுக்கு இதாவது இருக்கட்டும். தானா அடிக்காட்டாலும் அமுக்குனா அடிக்கும்லா” என்றார்.

சம்பவத்தன்று ஊரில் நடந்தது இசக்கியப்பன் பின்னர் சொல்லித் தெரியும். அணையிலிருந்து செய்தி சரியாகவே வந்திருக்கிறது. சங்கு ஒலிக்கவில்லை. என் கணவர், சங்கு வைத்திருந்த பள்ளிக்கூடத்தின் சுவரேறிக் குதித்துப் பொத்தானை அமுக்கிய பிறகுதான் ஒலித்தது. மேலத்தெருக்காரர்கள் எல்லோரும் பள்ளிக்கூட மாடிக்கு ஏறிவிட்டார்கள். அதற்குள் ஆற்றை ஒட்டிய தெருவில் தண்ணீர் புகுந்துவிட்டது. அங்கே நடக்க முடியாமல் இருந்த இசக்கியப்பனின் தாயார் அன்னத்தாயைத் தூக்கிவர என் கணவர் இறங்கினார். இருவரும் திரும்பவில்லை. மறுநாள் மாலை வாழைத் தோட்டம் ஒன்றில் என் கணவரைக் கண்டெடுத்தார்கள். மூக்குக்கண்ணாடி அதன் கயிற்றோடு கழுத்திலேயே கிடந்தது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

பதினாறாம் நாள் சடங்குக்கு சிவசண்முகம் வந்திருந்தார். பந்தி முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, “மதினி, விசாரணைன்னு வருவாவ. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான், எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்க. கார்த்திகேசன் பேரு கெடக் கூடாது பாத்துக்கிடுங்க” என்றார். அப்போது அவர் அழுதுகொண்டிருந்தார். அது நடிப்பென்று நான் சொல்ல மாட்டேன்.  என் கணவருக்குத் தெரியும் என்பதே உண்மை. தெரிந்திருந்ததால்தான் மழை பெய்த நாளெல்லாம் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தெரிந்திருந்ததால்தான் அன்று சாப்பிடாமல் போனார்.

சென்ற வாரம் இசக்கியப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரில் வசூல் செய்து புதுச் சங்கு வைப்பதாகவும், அதற்கு என் கணவர் பெயரைச் சூட்டுவதாகவும், நான்தான் வந்து முதலில் அமுக்க வேண்டும் என்றும் சொன்னார். “எக்கா, அவுக கை அமுக்குனதுலதான் எங்க ஊரு மிஞ்சிச்சு” என்று கும்பிட்டார். தாயைப் பறிகொடுத்தவர் என்னைக் கும்பிட்டது எனக்குத் தாங்கவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஊருக்குப் போவேன். பொத்தானைத் தொடுவதற்கு முன், அதே கைதான் கையெழுத்தும் போட்டது என்று இசக்கியப்பனிடமும் ஊராரிடமும் சொல்வதென்று முடிவு செய்திருக்கிறேன். கேட்டபின் அவர் பெயரை வைப்பதா, என்னைத் திருப்பி அனுப்புவதா என்பது அவர்கள் பாடு. இதை என் மகளிடமும் இன்னும் சொல்லவில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. நான் அறிந்த உண்மை இவ்வளவே. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
கா. சித்ரலேகா