விழி: திருத்திய பதிப்பு

உங்கள் நாற்காலியின் ஒரு கால் குட்டை, ஐயா. வாங்கும்போது யாரும் ஆட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. என் வாக்குமூலத்தை நின்றுகொண்டே சொல்கிறேன். காலையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

‘விழி’ நான் எழுதியது அல்ல. நோயாளியின் மூச்சைக் கவனித்து, அது பத்து நொடி நின்றால் அலாரம் அடிக்கும் மென்பொருள். நான் அதை மருத்துவமனைகளில் நிறுவிக் கொடுக்கும் வியாபாரி. எழுதியவர் அக்கா. கூடப்பிறந்தவர் இல்லை, தொழிலில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். மூல நிரலை ஊருக்கே திறந்து வைத்திருந்தார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். உரிமத்தில் மூன்றே நிபந்தனை. அவருடைய பதிப்புரிமை வரி அப்படியே இருக்க வேண்டும். மாற்றினால் சொல்ல வேண்டும், கேட்டால் நிரலைக் காட்ட வேண்டும். மாற்றிய சரக்குக்கு ‘விழி’ என்ற பெயரும் கண் லோகோவும் கூடாது. அவை அவர் பதிவு செய்தவை. முதல் நிபந்தனையை ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். மூன்றில் ஒன்று. பேரத்தில் மோசமில்லை.

நான் முதன்முதலில் நிறுவிய வார்டின் தலைமை நர்ஸ் முதல் வாரமே பிடித்துக்கொண்டார். “தம்பி, உங்க பொட்டி சும்மா சும்மா கத்துது. பேஷண்ட் புரண்டு படுத்தாக்கூடக் கத்துது. ஒண்ணு அதை அடக்குங்க, இல்ல தூக்கிட்டுப் போங்க.”

பத்தை நாற்பதாக்கினேன். ஓர் எண்தான். வார்டு அமைதியானது. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பெயரை மாற்றத்தான் நினைத்தேன். ‘காவல்’ என்று வைத்து அடுத்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். நிர்வாகி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “விழின்னா இப்பவே கையெழுத்துப் போடறேன் சார். இது யார் பெத்த பிள்ளையோ.” அரை நாளில் பழைய பெயரை ஒட்டிவிட்டேன்.

செய்தி எட்டியதும் அக்கா போன் செய்தார். கோபமே இல்லை. “எடுத்துக்கோங்க, மாத்துங்க, வித்துச் சம்பாதிங்க தம்பி. பேரை மட்டும் விட்டுடுங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க?”

“அடுத்த பதிப்புல மாத்திடறேங்க்கா.” முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அந்த முதல் வார்டில் இருவருக்கு மூச்சு நின்றது. அலாரம் நாற்பது நொடி கழித்து அடித்தது. ஓடி வந்தவர்களுக்கு நேரம் போதவில்லை. மறுநாளே அந்த வார்டில் மட்டும் எண்ணைப் பத்தாக்கிவிட்டேன். திரையில் அக்காவின் பெயர், விசாரணையும் அவர் மேல். நேரில் வந்தார்.

“நீங்க மாத்தின நிரலைக் காட்டுங்க தம்பி. எங்க தப்புன்னு பாக்கணும்.”

கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா? அவருடைய பழைய நிரலையே பிரதியெடுத்துக் கொடுத்தேன். திரையின் நிறத்தைத் தவிர எதையும் மாற்றவில்லை என்றேன். என் மேசையில் ஒன்பது நாள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். கடைசி நாள் சொன்னார்: “தெரியலையே தம்பி. எனக்கே தெரியாம நான்தான் ஏதோ பண்ணிட்டேன் போல.” அதைத்தான் உங்களிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அது தவறு, ஐயா. திருத்தத்தான் வந்தேன். எண்ணை மாற்றியது நான், பெயரை ஒட்டியது நான், பொய்ப் பிரதி கொடுத்ததும் நான். அவரை விட்டுவிடுங்கள். ‘விழி’ நல்ல பெயர். அதில் கறை படிய நான் விடமாட்டேன். அந்தப் பெயரை நம்பித்தான் இன்னும் பதினொரு மருத்துவமனைகளில் அதே நாற்பது நொடி ஓடிக்கொண்டிருக்கிறது.