பதின்மூன்று சாக்லேட் எழுத்துகள்

சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கு, சுஜிதா எழுதுவது.

சாக்லேட் எழுத்துகளில் ஆங்கில எம் மாதிரித் தொல்லை பிடித்தது வேறில்லை. மற்ற எழுத்துகள் சாக்லேட் ஊற்றும் சிலிக்கோன் மோல்டின் பின்பக்கத்தை லேசாக அழுத்தினாலே சமர்த்தாகத் தட்டில் வந்து விழும். எம் மட்டும் ஒரு காலை உள்ளேயே விட்டுவிட்டு வரும். டபிள்யூவும் அதே ரகம்தான். ஆனால் டபிள்யூவில் பெயர் வைத்தவர் நம் தென்காசியில் எத்தனை பேர்? எம் அப்படியில்லை. முத்து, மேரி, மோசஸ், முருகன் என்று பாதி ஊர் அதில்தான் இருக்கிறது. இதுவரை உடைந்த எம்களைச் சேர்த்து வைத்திருந்தால் தனியாக ஒரு சபையே கூட்டியிருக்கலாம்.

நீங்கள் கேட்டது இதையில்லை என்று தெரியும். என் தங்கைக்கு நிச்சயித்த ஞானதுரையின் அம்மா கொண்டுவந்த பெட்டியை மேஜை மேல் வைத்துக்கொண்டு, "நீ மூத்தவ. ஒனக்குத் தெரியாம ஒண்ணும் இருக்காது. நடந்தத அப்படியே எழுதிக் குடும்மா" என்று வியாழக்கிழமை சொன்னீர்கள். அப்படியே எழுதுகிறேன். இரண்டு நாளாக யோசித்து, நிதானமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் இந்தச் சபைக்கு வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகிறது. எங்கள் வீட்டுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் தவறிப்போனார். நான் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தேன். அம்மா அதற்கு முன்பே இல்லை. தங்கை பெர்சிஸ் என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். அப்பா ஏசுவடியான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் படுக்கையில் இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெர்சிஸ ஒரு நல்ல எடத்துல வச்சுரு தாயி" என்றார். சரி என்றேன். நல்ல இடத்தில்தான் வைத்திருக்கிறேன். எங்கள் வீடு மாதிரி வெளிச்சமும் காற்றும் உள்ள வீடு இந்தத் தெருவிலேயே கிடையாது.

அப்பா போனபின் விளையாட்டாகத் தொடங்கியதுதான் இந்த எழுத்து வேலை. பிறந்தநாள் பிள்ளைகளுக்குப் பெயர்ச் சாக்லேட், ஓய்வுநாள் பள்ளிக்குப் பரிசு, எழுத்துச் சோப்பு, எழுத்து மெழுகுவத்தி என்று வளர்ந்தது. சீசன் வந்தால் குற்றாலத்துக் கடைகளுக்குப் பெட்டி பெட்டியாகப் போகும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள் தங்கள் பெயரைப் பார்த்ததும் வாங்கிவிடுவார்கள். மனுஷனுக்குத் தன் பெயரைத் தின்பதில் என்னவோ ஒரு சந்தோஷம் இருக்கிறது.

ஆனால் சாரல் அடிக்கும் மாதங்களில் சாக்லேட்டுக்கு வியர்த்துக்கொட்டும். என் கையோ சூட்டுக் கை. நான் எடுத்தால் எழுத்தின் மேல் என் ரேகை பதிந்துவிடும். பெர்சிஸ் கை சித்திரை மாதத்திலும் குளிர்ந்தே இருக்கும். பாதி கீர்த்தனை, பாதி சினிமாப் பாட்டு என்று முணுமுணுத்துக்கொண்டே நூறு எழுத்தைக் கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக எடுத்து வைப்பாள். நடுநடுவே உடைந்த காலை என் வாயில் ஊட்டிவிடுவாள். அப்படிப்பட்ட கையை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பி மீன் கழுவ விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முதலில் வந்தவர் எபனேசர். பாவூர்சத்திரத்துக்காரர், வாத்தியார் வேலை. பெண் பார்க்க வந்த அன்றே இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. பெர்சிஸுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அந்த வாரம் ஒரு தட்டு நிறைய அவர் பெயரின் ஆங்கில ஈ எழுத்தாகவே ஊற்றி வைத்தாள், பல வண்ணத்தில். ஆர்டர் எதுவும் கிடையாது. அத்தனையும் வீண்.

அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் இவள் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. மறுநாள் அவள் கடைக்குப் போன நேரத்தில் பத்து எழுத்து ஊற்றினேன். ஆங்கிலத்தில் பெர்சிஸ் ஆறு எழுத்து, ஃபிட்ஸ் நாலு எழுத்து. அவளுக்கு வலிப்பு உண்டு என்று சொல்ல அதுவே போதும். எங்கள் வேலை என்று யாரும் கண்டுபிடிக்காதபடி வேறு மாதிரி எழுத்துள்ள மோல்டு ஒன்று வாங்கி, என் சேலை அடுக்குக்குள் வைத்திருந்தேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனபோது அங்கேயே கூரியரில் போட்டுவிட்டு, இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

மொட்டைக் கடுதாசி எழுதுகிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. அது கோழைகள் வேலை. நான் அனுப்பியது நல்ல சாக்லேட். முந்திரி கூடப் போட்டிருந்தேன்.

எட்டாம் நாள் எபனேசரின் அப்பா போன் செய்தார். "ஜெபிச்சுப் பாத்தோம்மா. கர்த்தர் சித்தம் வெளிப்படல" என்றார். அவ்வளவுதான். நம் ஆட்களின் இந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன் ஐயா. பெண் வேண்டாமென்றால் காரணத்தைச் சொல்லி யார் மனதையும் நோகடிக்க மாட்டார்கள். கர்த்தர் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவருக்கு எதிராக யார் போய்க் கேட்பது?

இரண்டு வருஷம் கழித்துப் பாண்டியராஜ் வந்தார், திருநெல்வேலியில் பேங்க் வேலை. அவருக்கும் அதே பத்து எழுத்து. அங்கேதான் வேடிக்கை. நாலு நாள் கழித்து அவர் அம்மா போனில் அப்படிக் குழைகிறார்கள். "ஒங்க தங்கச்சி அனுப்புன சாக்லேட் ரொம்ப ருசிம்மா. மக பிள்ளைங்க நாலு எழுத்தத் தின்னுட்டு. பேர மட்டும் ஃப்ரிட்ஜுல வச்சிருக்கேன், கல்யாணத்தன்னிக்கு எடுக்கணும்னு." நல்ல பிள்ளைகள். வலிப்பைத் தின்றுவிட்டு என் தங்கையை மிச்சம் வைத்திருந்தார்கள். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன். அப்புறம் இன்னொரு பெட்டி செய்தேன், இந்தத் தடவை கசப்புச் சாக்லேட்டில். பிள்ளைகள் அதைத் தொடாது. செங்கோட்டையில் ஒரு கூரியர் கடையில் போட்டேன். இரண்டே வாரத்தில் கர்த்தர் சித்தம் அவர்களுக்கும் இல்லாமல் போயிற்று.

அன்றைக்கு பெர்சிஸ் எழுத்து எடுத்துக்கொண்டிருந்தவள் பாட்டை நிறுத்திவிட்டு, "எனக்கு மட்டும் ஏன்க்கா சித்தமே வர மாட்டேங்குது? நான் என்ன பாவம் பண்ணுனேன்?" என்று கேட்டாள். "ஒரு பாவமும் இல்லட்டி. கர்த்தர் வேளை வரும்" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அந்த வாரம் அவள் சிறுபிள்ளைத்தனமாக அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டாள். சரியான நேரத்தில் நான் பார்த்ததால் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் அவள் கட்டில் பக்கத்திலேயே இருந்து கஞ்சி ஊட்டினேன். என் மடியில் தலை வைத்துத்தான் தூங்குவாள். உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து நாளைப் போல நாங்கள் ஒட்டுதலாக இருந்தது முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் நின்ற அரளியை வேரோடு வெட்டிப் போட்டேன். அவள் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதன் பிறகு ஐந்து வருஷம் வரனே வரவில்லை. வலிப்பு விஷயம் தரகர்கள் வரைக்கும் போயிருக்கும் போல. எங்களுக்கு அது நல்ல காலம். புதிது புதிதாக மோல்டு வாங்கினோம். கண்ணாடி மாதிரி இறுகும் ரெசின் ஊற்றிச் சாவிக்கொத்து எழுத்துகள் செய்தோம், உள்ளே குட்டிப் பூவெல்லாம் வைத்து. பெர்சிஸ் பாடுவதை மட்டும் குறைத்துக்கொண்டாள். தொண்டைக்கு நல்லதுதான்.

ஞானதுரை எந்தத் தரகரும் கூட்டிவந்த ஆளில்லை. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவன், அக்கா பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பெயர்ச் சாக்லேட் வாங்க எங்கள் வாசலுக்கு வந்தான். ஒரு பெட்டிக்கு வந்தவன் ஒன்பது தடவை வந்தான். இவ்வளவு பெயர் உள்ள குடும்பம் நான் பார்த்ததில்லை. பத்தாம் தடவை என்னிடமே கேட்டுவிட்டான். "அக்கா, சுத்தி வளைக்காம கேக்கேன். பெர்சிஸ எனக்குத் தருவீகளா?" அவள் உள்ளே நின்று சிரித்த சத்தம் கேட்டது. அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. நானும் சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. சாயங்காலம் வரை இருந்தது.

வலிப்புக் கதை அவனிடம் எடுபடாது. நேரில் இத்தனை தடவை பார்த்தவன். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை நீங்கள் முதல் ஞாயிறு அவர்களுக்காக வாசித்து, தடை ஏதாவது உண்டானால் தெரிவிக்கலாம் என்று சபையைப் பார்த்தீர்களே, அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. இரண்டாம் ஓலை முடிந்த மறுநாள் பதின்மூன்று எழுத்து ஊற்றினேன். பெர்சிஸ், மேரீட். ஏற்கெனவே கல்யாணம் ஆனவள் என்று அர்த்தம். அந்த எம்மை என் சூட்டுக் கையால் முழுசாக எடுக்க ஐந்து தடவை ஊற்ற வேண்டியிருந்தது. கடைசியில் ஞானதுரை பெட்டியைத் திறந்ததும், "எவனோ வேல மெனக்கெட்டு வெளையாடுதான்" என்று அந்த எம்மைத்தான் முதலில் எடுத்து வாயில் போட்டானாம். அவன் அம்மா மட்டும் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டார்கள். கர்த்தர் மேல் போடாமல் காரணத்தோடு வந்த முதல் ஆள் அவர்கள்தான்.

மற்றது உங்களுக்கே தெரியும். பெர்சிஸ் உங்கள் முன்னால் அழுது, வேதபுத்தகத்தில் கை வைத்து, இல்லவே இல்லை என்றாள். ஞானதுரையின் அம்மா அசையவில்லை. "பொண்ணு அப்படித்தான் சொல்லுவா. மூத்தவ கைப்பட எழுதித் தரட்டும், நான் நம்புதேன். ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை நின்னுச்சுன்னா, ஓலை இல்லாம கட்ட லைசென்ஸ் வாங்கியாவது, குறிச்ச புதங்கெழமயே அதே பந்தல்ல, முன்ன பாத்து வச்ச நாசரேத்துப் பொண்ண எம் மகனுக்குக் கட்டி வைப்பேன்" என்றார்கள். ஞானதுரை நல்ல பையன், ஆனால் அம்மா பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சனிக்கிழமைக்குள் என் எழுத்து வந்தால் ஓலை வாசிப்பதாகவும், வராவிட்டால் நிறுத்த வேண்டியிருக்கும் என்றும் நீங்கள் சொன்னீர்கள். வெளியே வந்ததும் பெர்சிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எழுதுனா போதும்க்கா. ஒன்னய எல்லாரும் நம்புவாங்க" என்றாள். அவள் கை வழக்கம்போல் குளிர்ந்திருந்தது.

இன்று சனிக்கிழமை. இப்போது மணி மாலை ஐந்து. உங்கள் வீடு இங்கிருந்து நாலு நிமிஷ நடை. பெர்சிஸ் பக்கத்து அறையில் தன் கல்யாணப் பெட்டிகளுக்கு பி எழுத்தும் ஜி எழுத்தும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். மறுபடி பாடுகிறாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசலில் வந்து எட்டிப் பார்க்கிறாள்.

"எழுதிட்டியாக்கா?"

"முடிக்கப் போறேன்ட்டி."

"நான் ஓடிப்போய்க் குடுத்துட்டு வரட்டா?"

"வேண்டாம். நானே என் கையால குடுக்கேன்."

ஆகவே ஐயா, என் தங்கை பெர்சிஸுக்கு இதற்குமுன் யாரோடும் கல்யாணம் ஆனதில்லை. வலிப்பும் கிடையாது. நாலு பெட்டியும் நான் செய்து நான் அனுப்பியவை. ஒரு வார்த்தை மறைக்கவில்லை. கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

நாளைக் காலை ஆராதனைக்கு முன் நீங்கள் என்னைத் தேடி வருவீர்கள். "என்னால இப்ப எதையும் சொல்ல முடியலய்யா" என்று தலையைக் குனிந்துகொள்வேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. நீங்கள் இரக்கமுள்ளவர், அதற்கு மேல் கேட்க மாட்டீர்கள். ஓலையும் வாசிக்க மாட்டீர்கள். பெர்சிஸ் அழுவாள். நான் பக்கத்திலேயே இருப்பேன். புதன்கிழமை அந்தப் பந்தலில் நாசரேத்துப் பெண்ணின் கல்யாணம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவும் வரைக்கும் அவளை ஒரு நிமிஷம் தனியாக விட மாட்டேன்.

பிறகு நீங்கள் இதை அவளுக்கே வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவள் கோபப்படுவாள், சாப்பிடாமல் கிடப்பாள், கடைசியில் என்னிடம்தான் வருவாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உண்மையைச் சொல்ல நான் ஒருநாளும் பயந்தவளில்லை ஐயா. அதற்கு மறுநாள், வியாழக்கிழமை காலை முதல் வேலையாக இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொண்டுவந்து தருகிறேன்.