செத்தவங்க பேசக் கூடாது

— அப்போ நான் எப்பிடித்தான் செத்தேன்? அத மட்டும் சொல்லு பாப்பா. மத்ததெல்லாம் அப்பால பாத்துக்கலாம்.

— முனிசாமி மாமா, செத்தவங்க பேசக் கூடாது. அதான் ரூல்.

— ஆட்டம்தான் முடிஞ்சி பூடுச்சே! சாமுவேலு, பழனி, மத்த கவுன்சிலருங்க எல்லாம் டீ குடிக்கக் கீழ எறங்கிட்டானுங்க. நீ, நானு, இந்த ஜெயம்மா, மூணு பேருதான் மிச்சம். இன்னமும் நான் செத்தவனாவே இருக்கணுமா?

— அய்ய, விடுண்ணா. நீ செத்ததுல யாருக்கும் நஷ்டமில்ல.

— நீ பேசாத ஜெயம்மா. உன்ன அப்பால கவனிச்சிக்கிறேன்.

— சரி மாமா, மொதல்லேர்ந்து வரேன். ரொம்ப சிம்பிள். சேலப் பெட்டி அட்டையக் கிழிச்சி ஆளுக்கு ஒண்ணு குடுத்தேனா? உங்க அட்டையில இன்னா எழுதியிருந்திச்சி?

— ஊர்க்காரன்.

— அத நீங்க யாருக்கும் காட்டக் கூடாது.

— இதுல மறைக்கறதுக்கு இன்னா இருக்குது? நான் ஊர்க்காரன்தான். பொறந்தது தாமல், ஓட்டு வாங்கினது தாமல்.

— ஐயோ மாமா, இது ஆட்டத்து ஊரு. இங்க ரெண்டு பேரு கொலகாரங்க, ஒருத்தரு போலீஸு, மீதிப் பேரு சும்மா ஊர்க்காரங்க. யாரு அட்டையில இன்னா இருக்குதுன்னு வேற யாருக்கும் தெரியாது. 'ராத்திரி ஆயிடுச்சி, ஊரே தூங்குது'ன்னு நான் சொன்னா எல்லாரும் கண்ண மூடிக்கணும்.

— மூடினேனே.

— மூடிட்டு நெஜமாவே தூங்கிட்டீங்க. கொறட்ட வேற.

— ஊரே தூங்குதுன்னு நீதானே சொன்ன?

— அண்ணன் கொறட்டையில எனுக்குச் சிரிப்பு தாங்கல பாப்பா. கண்ணத் தொறந்து ஆளக் காட்டறதுக்குள்ள உசுரு போயிடுச்சி.

— இரு இரு. ராத்திரியில நீ இன்னாத்துக்குக் கண்ணத் தொறந்த, ஜெயம்மா?

— நான்தானே கொலகாரி!

— அதத்தான் மாமா சொல்ல வரேன். எல்லாரும் மூடினப்புறம், 'கொலகாரங்க கண்ணத் தொறங்க'ன்னு சொல்வேன். அவங்க ரெண்டு பேரு மட்டும் தொறந்து ஒருத்தர ஒருத்தரு பாத்துப்பாங்க. யாரத் தீத்துக்கட்டறதுன்னு சத்தமில்லாம வெரலால காட்டிட்டு மூடிப்பாங்க. அடுத்தது போலீஸ் மட்டும் கண்ணத் தொறந்து, சந்தேகப்படற ஆள ஒருத்தரக் காட்டுவாரு. அவரு கொலகாரரா இல்லையான்னு நான் தலையாட்டி சொல்வேன். அவரும் மூடிப்பாரு. அப்புறம் விடிஞ்சிடுச்சின்னு எல்லாரையும் எழுப்பி, யாரு செத்தாங்கன்னு சொல்வேன்.

— அப்போ ஜெயம்மா என்னத்தான் காட்டினாளா?

— இல்ல. ராத்திரி செத்தது பழனி அண்ணன்.

— விடிஞ்சப்ப நான் உசுரோடதான் இருந்தேனா?

— இருந்தீங்க மாமா. பகல்லதான் செத்தீங்க.

— பகல்ல யாரு கொன்னது?

— நாங்க எல்லாரும் சேந்துதான். ஓட்டுப் போட்டு.

— ஓட்டுப் போட்டா!

— பகல்ல எல்லாரும் பேசணும். யாரு கொலகாரன்னு யோசிச்சி கை தூக்கணும். யாருக்கு எதிரா நெறையப் பேரு கை தூக்கறாங்களோ அவரு அவுட். 'முனிசாமி மாமா மேல யாருக்கெல்லாம் சந்தேகம்?'னு கேட்டேன். நீங்களும் கை தூக்கினீங்க.

— என் பேரு காதுல விழுந்திச்சி. தூக்கினேன். இஸ்கூல்ல பேரு கூப்ட்டா தூக்க மாட்டோமா, அது மாதிரி.

— ஹ ஹ ஹா! தனக்கே குழி வெட்டிக்கின ஒரே கவுன்சிலர் நீதாண்ணா.

— சிரி, சிரி. மொதல் கை தூக்கினது யாரு? இவதான் பாப்பா. 'அண்ணன் முழிக்கிற முழியே சரியில்ல'ன்னா. 'கொலகாரி நீதானா, சொல்லு'ன்னு நான் நேராவே கேட்டேன். அம்மன் மேல சத்தியமா இல்லன்னாளே! முசரவாக்கத்துல இவ பேச்ச நம்பி ஊரே ஓட்டுப் போட்டிருக்குது.

— அம்மன்னு சொன்னேன். எந்த அம்மன்னு சொன்னேனா?

— மாமா, கொலகாரங்க பொய் சொல்லித்தான் ஆவணும். அத ஊர்க்காரங்க கண்டுபுடிக்கணும். கொலகாரங்க ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டா ஊரு ஜெயிச்சிது. ஊர்க்காரங்க கொறஞ்சிகினே வந்து ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி ஆயிட்டா கொலகாரங்க ஜெயிச்சாங்க.

— எனுக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. கொலகாரனுக்குத் தன் கூட்டாளி யாருன்னு தெரியுது. ஊர்க்காரனுக்கு மட்டும் பக்கத்துல குந்திகினு இருக்கிறவன் யாருன்னே தெரியல. இது இன்னா நியாயம்?

— அதான் மாமா ஆட்டமே.

— நான் நல்லவன்னு எப்பிடிக் காட்றது? அட்டையக் காட்டக் கூடாதுன்ற. வாயால சொன்னா, இவளும் அதையேதான் சொல்றா. என்னைவிட நல்லா சொல்றா. தல சுத்துது பாப்பா.

— மொகத்தப் பாக்கணும் மாமா. ஏனாத்தூரு காலேஜ் ஹாஸ்டல்ல டெல்லிப் பொண்ணு ஒருத்திதான் எங்களுக்கு இந்த கேமக் கத்துக் குடுத்தா. அங்க நான்தான் எல்லாரையும் புடிப்பேன். இப்ப உங்களையே எடுத்துக்கோங்க. அட்டையப் பாத்த ஒடனே மூஞ்சி எல்லாத்தையும் சொல்லிடிச்சி. உங்களுக்குப் பொய் வராது. ஆனா ஜெயம்மா அத்தைக்கு மூச்சு கூட மாறல.

— இன்னாமா ஜெயப்ரியா, பாராட்டறியா, திட்டறியா?

— தெரியல அத்த. அதான் எனக்குக் கொழப்பமா இருக்குது.

— ஒரு ஆட்டத்துக்குப் போயி இன்னாத்துக்குக் கொழப்பம்?

— ஆட்டம் மட்டும் இல்ல அத்த. சொல்லிடறேன். நாளைக்கு யூனியன் சேர்மன் எலெக்‌ஷன்ல எங்கம்மாவுக்கு விழ வேண்டிய ஓட்டு ஒண்ணு எதிர்ல நிக்கற தேவகி அம்மாவுக்குப் போவப் போவுதுன்னு அப்பாவுக்குச் சேதி வந்திருக்குது. சீட்டுல யாரு போட்டாங்கன்னு பேரு இருக்காது இல்ல? 'அந்த ஆளு யாருன்னு பக்கத்துல இருந்து பாத்துச் சொல்லு'ன்னு என்ன இங்க அனுப்பினாரு. பொய் சொல்றவங்களப் பாக்கணும்னுதான் இந்த ஆட்டத்தையே எடுத்தேன்.

— ஓகோ! பொழுது போவலன்னு ஆடலாம்னியே, அது இதுக்குத்தானா?

— கோச்சிக்காதீங்க அத்த.

— கோச்சிக்காம இன்னா பண்ணுவாங்க? தேவகி ஆளுங்க தூக்கிகினு போயிடுவாங்கன்னு உங்கப்பா ஏகாம்பரம் எங்களக் கொண்டாந்து தன் பட்டுக் கட மாடியில அடச்சி வெச்சிருக்கிறாரு. ஜன்னல் தொறக்கக் கூடாது. வரதர் கோயில் யானை தெருவுல போச்சு, எட்டிப் பாத்ததுக்கு 'உள்ள போங்கம்மா'ன்னு ஒரு அதட்டு. சரிக அட்டப் பொட்டிங்க நடுவுல சாஞ்சிகினு கெடக்கிறேன். எதுக்கு? உங்கப்பனுக்காவ இல்ல. கமலாட்சிக்காவ.

— எங்கம்மாவுக்காகன்னா, ஓட்டும் எங்கம்மாவுக்குத்தானே? அத வாயால சொல்லிடுங்க அத்த. எனக்கு நிம்மதியா இருக்கும்.

— என் சத்தியம் செல்லாதுன்னு இப்பத்தானே ரெண்டு பேரும் சேந்து தீர்ப்பு சொன்னீங்க? அப்பால எதுக்குக் கேக்கற?

— பாத்தீங்களா, நேரா பதில் சொல்ல மாட்டேன்றீங்க! ஆட்டத்துலயும் இப்பிடித்தான் திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்டீங்க.

— ஏய், பொண்ணு. வயசுக்குத் தக்கன பேசு. என் வூட்டுக்காரரு எனுக்குப் பதிலா மீட்டிங்ல குந்தறாரேன்னு ஊருல பேசறாங்க. அதையெல்லாம் தாண்டி வந்தவ நான். கட்சி மாறிட்டன்னு நீ வேற சொல்லிக் காட்டாத.

— அட, ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. பாப்பா, எனுக்கு ரூல்ல ஒரு சந்தேகம் இருக்குது.

— இப்பவா மாமா?

— இப்பத்தான். ஊர்க்காரங்கள்ல ஒருத்தரு அவரே வந்து, 'என்ன வெளிய அனுப்பிடுங்க, எனுக்கு எதிரா கை தூக்குங்க'ன்னு கேட்டா, அவரு எந்தப் பக்கம்?

— அப்பிடி யாரு மாமா கேப்பாங்க? எல்லாரும் ஜெயிக்கத்தானே ஆடறாங்க.

— ஜெயிச்சாதான் அவருக்குக் கஷ்டம்னு வெச்சிக்கோயேன்.

— அந்த மாதிரி அட்ட இந்த ஆட்டத்துல இல்ல.

— சரி, கேட்டவர வுடு. அவரு கேட்டபடியே நான் கை தூக்கினா, நான் ஊர்க்காரனா, கொலகாரனா? அவருக்கு நல்லது பண்ணவனா, துரோகம் பண்ணவனா? மதியத்துலேர்ந்து எனுக்கு இதே ரோசனதான். ஆட்டத்துல மனசே ஓடல. கண்ண மூடினா அந்த மூஞ்சிதான் வருது.

— மதியத்துலேர்ந்தா? நாம ஆடவே ஆரம்பிக்கலியே அப்போ.

— ஆரம்பிக்கல. சோறு போட்டப்ப நடந்திச்சி.

— மதியம் சோறு போட்டது எங்கம்மாதானே மாமா?

— அதான் கண்ணு. மத்தவங்கல்லாம் கை கழுவ எழுந்திருச்சிட்டாங்க. எனுக்கு மோரு ஊத்தறதுக்கு உங்கம்மா குனிஞ்சிது. கண்ணுல தண்ணி. 'அண்ணா, நாளைக்கு எனுக்குப் போடாதீங்க, தேவகிக்குப் போட்டுடுங்க'ன்னுச்சி. 'பால்வாடி டீச்சரா இருந்தேன், என் கையில புள்ளைங்க இருந்திச்சிங்க. அந்த வேலைய வேணாம்னு எழுதிக் குடுக்க வெச்சிட்டாரு. சேர்மன் ஆயிட்டா அவரு நீட்டற எடத்துல கையெழுத்துப் போட்டுகினு காலம் பூரா குந்தியிருக்கணும். என்னத் தோக்க வெச்சிடுங்கண்ணா'ன்னுச்சி. நான் இன்னா பண்ணுவேன்? உங்கப்பன் உப்பத் தின்னுட்டேன். உங்கம்மா கண்ணீரையும் பாத்துட்டேன்.

— எங்கம்மாவா? எங்கம்மா அப்பிடிச் சொல்லிச்சா? மாமா, நீங்க எதையோ எதோடயோ சேத்துக் கொழப்பிக்கிறீங்க. ஆட்டத்துல கை தூக்கின மாதிரி தப்பா காதுல வாங்கியிருப்பீங்க. ஜெயம்மா அத்த, நீங்களாவது சொல்லுங்களேன். எங்கம்மா அப்பிடிக் கேக்குமா? இன்னா அத்த, மாமாவையே அப்பிடிப் பாக்கறீங்க?

— முனிசாமிண்ணா... உன்கிட்டயுமா கேட்டுது?