மஞ்சுஷாவுக்கு விழுந்த சீட்டு

எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சாயாவைக் குடியுங்கள், நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே சொல்கிறேன். என் மனைவி மஞ்சுஷா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். 2003இல் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிய டென்னிஸ்காரி இப்போது எப்படி இருக்கிறாள் என்று பத்திரிகையில் எழுதத்தானே வந்தீர்கள்? நன்றாக இருக்கிறாள். நான் சொல்வதையும் எழுதிக்கொள்ளலாம். அவள் அதை நம்பமாட்டாள், அதனால் எனக்குப் பயமில்லை.

அவள் என் அக்கா பேச்சியம்மாளின் மகள். அக்காவுக்குக் கொச்சி மாநகராட்சியில் துப்புரவு வேலை. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவது எங்கள் ஆட்களில் வழக்கம். இங்கே மட்டாஞ்சேரியில் மலையாளிகள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அவள் பிறந்த அன்று அக்கா, "ஒனக்குன்னு பெத்திருக்கேண்டா" என்றாள். மற்றவர்கள் அதை விளையாட்டுப் பேச்சு என்று மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை.

எர்ணாகுளத்தில் ஒரு கிளப்புக்குப் பந்து பொறுக்கப் போய் ஆடக் கற்றவள் அவள். தினமும் முதல் படகில் நான்தான் கூட்டிப் போவேன். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சம்பளத்தில் அவளுடைய முதல் ராக்கெட்டை நான்தான் வாங்கினேன். பத்தொன்பது வயதில் அவள் தொழில்முறைப் போட்டிகளில் வென்றாள். அவளுடைய கோச் சிஜு என் தோளில் தட்டி, "இவளெ இனி பிடிச்சா கிட்டில்ல, சேட்டா" என்றான். இனி இவளைப் பிடித்தாலும் கைக்குக் கிடைக்கமாட்டாள் என்று பெருமையாகத்தான் சொன்னான். நான் அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஸ்பெயினில் ஓர் அகாடமி அவளைக் கூப்பிட்டிருந்தது. அந்த ஆண்டுப் போட்டிகள் முடிந்ததும் புறப்பாடு. "பிள்ளை போயிட்டு வரட்டும்டா. எங்க போயிரப் போறா?" என்றாள் அக்கா. போகிறவர்கள் திரும்புவதில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் இருமலுக்குக் கேட்டவருக்கு வயிற்றுவலி மருந்தை எடுத்துக் கொடுத்தேன்.

அப்போது யார் திடீரென்று ஜெயித்தாலும் மருந்து என்றுதான் பேசிக்கொண்டார்கள். எல்லாரையும் சோதிப்பதில்லை, குலுக்கல் போலச் சிலரை எடுப்பார்கள் என்று சிஜு சொன்னான். எங்கள் வீட்டில் முடிவெடுக்க முடியாத காரியம் என்றால் முருகன் படத்துக்கு முன்னால் திருவுளச் சீட்டுப் போடுவோம். கையில் வருவது அவன் வாக்கு. மஞ்சுஷா போகலாமா, வேண்டாமா என்பதையும் அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். இதில் நான் செய்த தவறு என்ன என்று யோசித்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

அவள் கவனமான பெண். மூடி திறந்த பாட்டிலில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். தலைவலி மாத்திரைக்கும் சிஜுவைக் கேட்பாள். ஆனால் பழனிப் பஞ்சாமிர்தத்தை யார் வேண்டாம் என்பார்கள்? ஜிம் பையன்கள் எங்கள் கடையில் ரகசியமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்து அதில் கலந்து, ஒவ்வொரு போட்டிக்கும் கொடுத்துவிட்டேன். "சாமி கூடவே வருது மாமா" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவாள்.

சோதனைக் குலுக்கலில் பெயர் வந்தால் போக வேண்டாம் என்பது சாமி வாக்கு. பெங்களூரில் அவள் பெயர் வரவில்லை. மும்பையிலும் வரவில்லை. இரண்டு இடத்திலும் ஜெயித்தாள். டெல்லிதான் கடைசி. சாமி மௌனமாக இருந்தால் மனிதன் என்ன செய்வான்? எர்ணாகுளம் போய் ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து போட்டி நடத்துகிறவர்களை அழைத்தேன். அந்தக் கொச்சிப் பெண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள் என்றேன். அவ்வளவுதான். பூசாரி சீட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பதில்லையா?

டெல்லியில் அவளைச் சோதித்தார்கள்; சிறுநீரைப் பிரித்து வைத்த இரண்டு பாட்டிலிலும் மருந்து இருந்தது. விசாரணையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். சோறு, கப்பைக்கிழங்கு, மாங்காய் ஊறுகாய்வரை ஒப்பித்திருக்கிறாள். பிரசாதத்தை அவள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இரண்டு வருடத் தடை. ஸ்பெயின்காரர்கள் கைவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? குழாயடியில் சிரித்தார்கள். சிஜு போனை எடுப்பதை நிறுத்தினான். பெற்ற தாயே, "நெசத்தைச் சொல்லுடி, தின்னியா?" என்று அவள் முடியைப் பிடித்தாள். அன்றிலிருந்து அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஒருநாள் மட்டும் படகுத்துறைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றவளை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். தை பிறந்ததும் கல்யாணம். தாலிக்குக் கழுத்தை நீட்டினாள்.

தடை முடிந்தபோது ராக்கெட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மறுபடி சோதிப்பாங்களே புள்ள" என்று மட்டும் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவளுடைய பேக்ஹாண்டை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன்.

இருங்கள், அது அவள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி.

நேற்று நீங்கள் வருவதாகப் போன் செய்த பிறகு மஞ்சுஷா அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒலகத்துல நீங்க ஒராளுதான் மாமா, நான் தின்னலன்னு நம்புன ஆளு" என்றாள். உண்மைதான். பெற்றவள் நம்பவில்லை, கற்றுக்கொடுத்தவன் நம்பவில்லை. அவள் குற்றமற்றவள் என்பதில் எனக்கு மட்டும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அப்படிப்பட்ட புருஷன் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கிறான், நீங்களே சொல்லுங்கள்.