ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்

ஹாரன விடுங்க டிரைவரம்மா. ஹாரனுக்கு ஒதுங்க இது மாடில்ல, டிராக்டரு. என்னையவிட நாலு மாசம் மூத்தது. தண்டவாளத்தத் தாண்டயில பொசுக்குன்னு அணைஞ்சு போச்சுங்க, அதான் குறுக்க நிக்குது.

என்னது, டிராக்டரு எஞ்சினத் தொட்டே பாத்துட்டீங்களா? ஜில்லுன்னுதான் இருக்கும். இந்தச் சீமையில எல்லாமே ஜில்லுதான், எம்பொண்டாட்டி உள்பட. சரி சரி, மொறைக்காதீங்க. காலையிலேருந்தே நிக்குது. நாந்தான் நிறுத்துனேன்.

சாவியா? பையில இருக்கு. குடுக்க மாட்டேன். எஞ்சின விட்டு எறங்கி வந்ததே வந்தீங்க, ஒரு வாய் காப்பி குடிங்க. வேணாமா? எம்பேரு நெஸ்டரு. கேக்கலேன்னாலும் சொல்லி வைக்கிறேன்.

இங்கேருந்து நாலு மைலு, ஊரு. தானியக் கிடங்கு வாசல்ல அத்தன பேரும் உங்களுக்காவ நிக்கிறாங்க. எங்க வீட்டுக்காரி ஹால்யா மூணு நாளா உருளைக்கெழங்கு வச்சுக் கொழுக்கட்ட புடிச்சு, வெரலு மடங்க மாட்டேங்குது அவளுக்கு. பின்ன? பதினாலு வருசம் கழிச்சு சரக்கு ரயிலு வருதுல்ல! இத்தன நாளும் கோதுமைய லாரியில ஏத்தித் தொண்ணூறு மைலு ஓட்டுனோம். அந்தக் குழி ரோட்டுல லாரி கவுந்துதான் எம்மச்சானுக்கு இடுப்பு போச்சு.

ரயில் கம்பெனிக்காரன் தண்டவாளத்தப் பிரிச்சுப் பழைய இரும்புக்குப் போடறேன்னு நின்னான். ஆறு ஊரு சனமும் ஓட்டுப் போட்டு, வரிப் பணத்துல நாங்களே லைன வாங்கிட்டோம். எங்க தலைவரு ஒரெஸ்ட் கூட்டம் போட்டாருன்னா அங்க யாரு தொண்ட பெருசுங்கிறீங்க? எனக்குத்தான். மேசை மேல ஏறி, நம்ம தண்டவாளம்டா, நாமளே வாங்குவோம்டான்னு கத்துனேன். மேசக்காலு ஒடஞ்சுது.

தெரியும்மா. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள உங்க பன்னெண்டு பெட்டியும் ரொம்பலேன்னா கோதுமை வாங்குறவன் ஒப்பந்தத்தக் கிழிச்சிருவான். ஆறு ஊரும் வாயில மண்ணு. தெரிஞ்சுதான் நிக்கிறேன்.

கிறுக்கா? கிறுக்கு எங்க டாக்டருக்கு. எனக்கு பிரசரு மட்டுந்தான்.

கேளுங்க. லைனு செத்துப்போச்சுன்னு பலகை வச்சாங்க பாருங்க, அப்ப செத்த மாட்ட உரிக்கிற மாதிரி ஆளாளுக்கு உரிச்சோம். ஒரெஸ்டு வீட்டு வேலி, எங்க சர்ச்சுப் படி, எல்லாம் இந்தத் தண்டவாளத்துக் கட்டைதான். லைன வாங்குனதும் எல்லாருக்கும் வெக்கம் வந்து, சத்தம் காட்டாம கொண்டாந்து போட்டுட்டுப் போனாங்க. யாரும் யாரையும் கேக்கல. ஃபாதரு ஒரு மாசம் ஏணி வச்சுத்தான் பூசைக்கு ஏறுனாரு.

சிரிக்கிறீங்க. எனக்குச் சிரிப்பு வரல தாயி.

நான் எடுத்தது கட்டை இல்ல. கட்டைன்னா திருப்பிப் போட்டுரலாம். நான் பாலத்துக்கு அடியில பூந்து அறுத்துல்ல எடுத்தேன்? அறுத்தது ஒட்டுமா?

பாலத்தையா? பாக்காம விடுவாங்களா! டவுன்லேருந்து இஞ்சினீயரு வந்தாரு. மேல நடந்து பாத்தாரு. கீழ சேறு, அவருக்குப் பெருத்த ஒடம்பு. ஒரெஸ்டுதான், நெஸ்டரு ஒல்லி, நம்ம ஆளு, லைனு அத்துப்படின்னு எங்கையில கேமராவக் குடுத்து எறக்கி விட்டாரு. நம்ம ஆளு! நான் கெழக்குப் பக்கத்தயே ரெண்டு தடவ படம் புடிச்சுக் குடுத்தேன். ரெண்டும் ஒரே மாதிரி நல்லாருக்குன்னு இஞ்சினீயரு பாராட்டுனாரு. அன்னிக்கே வாயத் தொறந்துருக்கணும். மேசை மேல ஏறிக் கத்துன வாயி, தொறக்க மாட்டேன்னுருச்சு.

ஆமா, அதே பாலந்தான். அந்தா, வளைவு தாண்டுனா ஓடை வருதே, அது. மேக்குப் பக்கம் அடித்தூண இறுக்கிப் புடிக்கிற போல்ட்டு, இருவத்தெட்டு. எங்கொட்டாயிக்குக் கதவு போட எடுத்தேன். இனிமே ரயிலா வரப்போவுதுன்னு நெனச்சேன். பெட்டி காலிதான, பாலம் தாங்கும்னு நீங்க சொல்லலாம். உங்க எஞ்சின் காலி இல்லியே. அதுக்குள்ள நீங்க இருக்கீங்க.

ரேடியோவுல ஒரெஸ்டக் கூப்பிடுங்க. இல்ல, இருங்க, இங்க குடுங்க, நானே சொல்றேன். எந்தப் பொத்தான அமுக்கணும்?