எதிரும் புதிருமாக ஒரு நாற்காலி

— அங்க இல்ல... அந்தப் பக்கம் உக்காரு. இந்தப் பக்கம் நான்.

— திரைச்சீலை தைக்க வந்தவ நான். உங்க நாற்காலிக்குப் பாரம் வைக்கவா வந்தேன்?

— ரெண்டு பக்கமும் ஆள் உக்காந்தாத்தான் ஸ்பிரிங் சரியா நிக்குதான்னு தெரியும். ஒரு நிமிசம்.

— என்ன நாற்காலியோ... நான் ஜன்னலைப் பாக்குறேன், நீங்க சுவரைப் பாக்குறீங்க.

— நூறு வருசத்துக்கு முன்னால இந்த மாதிரி மாளிகை வரவேற்பறையில இதுக்குத்தான் மவுசு. மாளிகையைப் பழையபடி ஆக்கச் சொல்லிக் குடுத்த போட்டோவுல பாத்தியே, பளிங்கு மேசைக்குப் பக்கத்துல. ஒட்டி உக்காரலாம், ஆனா ஆளுக்கொரு திசை.

— நம்ம வீட்டுல இந்த நாற்காலி இல்லாமலே அப்படித்தானே இருந்தோம்.

— ...

— பாத்தீங்களா? இந்த வாயில்லாப் பூச்சி வேஷம் தாங்காமத்தான் எங்கம்மா வீட்டுக்குப் போனேன்.

— நீ பேசுறதுக்கு நடுவுல கொஞ்சம் இடம் விட்டிருந்தா நானும்...

— விட்டேனே. ஒரு வருசமா விட்டிருக்கேன். வந்து கூப்பிட்டீங்களா?

— ம்... வெல்வெட் உறுத்தலையே?

— பேச்சை மாத்துங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா என் திரை கருஞ்சிவப்பு, நீங்க பச்சை. எப்படிச் சேரும்?

— போட்டோவுல எல்லாம் கறுப்பு வெள்ளை. பழைய துணியை உரிச்சேன்... வெயில் படாத மடிப்புல இந்தப் பச்சைதான் இருந்துச்சு.

— ஓ... சேரத்தான் செய்யுது.

— நாளையோட வேலை முடியுது. அப்புறம் நீ உங்கம்மா வீடு, நான் கடை.

— ஆமா... உங்களுக்கு நிம்மதி.

— உன் வேலை முடியாது போல. ஜன்னல் திரையில கீழ் மடிப்பு பிரிஞ்சு கிடக்கே?

— அது... தொங்கத் தொங்க துணி இறங்கிடுச்சு. மறுபடி தைக்கணும்.

— நேத்து சாயங்காலம் தரையைத் தொட்டும் தொடாம கச்சிதமா நின்னுச்சு.

— திரையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?

— பிளேடால பிரிச்ச நூல் எப்படி இருக்கும்னு தெரியும். நானும் துணியிலதான் பொழைக்கிறேன்.

— ...

— இப்ப யாரு வாயில்லாப் பூச்சி?

— சிரிக்காதீங்க, பத்திக்கிட்டு வருது. ஆமா, நான்தான் பிரிச்சேன். இன்னும் ரெண்டு நாள் உங்களைப் பாக்க ஒரு சாக்கு, போதுமா? ஸ்பிரிங் பாத்தாச்சுல்ல... விடுங்க, எந்திரிக்கிறேன்.

— எந்திரிக்காத. ஸ்பிரிங்கை வாட்ச்மேனையும் அவர் சம்சாரத்தையும் உக்கார வச்சு போன வாரமே பாத்துட்டேன்.